கிழித்தாலும் பரவாயில்லை, கையில் கொடுங்கள்

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளோடு புத்தகம் வாசிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னேன். ஆசிரியர் ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். இந்தப் பகுதியைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் பேச்சு-மொழிப் பயிற்சியாளர். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து விளையாடுவதுதான் என் தொழில். சந்தேகம் இருந்தால் என் முட்டியைக் கேளுங்கள். கடிதங்களில் பாதி ‘உட்காரவே மாட்டேன் என்கிறான்’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. அதிலிருந்தே தொடங்கலாம்.

என் மகனுக்கு 14 மாதம். புத்தகத்தைக் கொடுத்தால் வாயில் வைக்கிறான், இல்லையென்றால் கிழிக்கிறான். மடியில் வைத்து வாசித்தால் இரண்டு பக்கத்துக்குள் நழுவி ஓடிவிடுகிறான். கொஞ்சம் விவரம் தெரிந்த பிறகு ஆரம்பிக்கலாமா? – ஓர் அப்பா

தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்றும் 14 மாதத்தில் நடக்க வேண்டியவைதான்.

முதலில் வாய். இந்த வயதில் ஒரு பொருளைத் தெரிந்துகொள்ளக் கண் மட்டும் போதாது. வழவழப்பா, சொரசொரப்பா, கடித்தால் நசுங்குமா என்பதையெல்லாம் நாக்கும் விரலும்தான் சொல்ல வேண்டும். படம் என்பதோ அதைவிடப் பெரிய குழப்பம். ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பொருள்களின் வண்ணப் படங்களை 9 மாதக் குழந்தைகள் முன்னால் வைத்தார்கள். குழந்தைகள் படத்தைத் தடவி, தட்டி, கடைசியில் அதைத் தாளிலிருந்து அப்படியே பிடுங்கி எடுக்கப் பார்த்தன. 19 மாதக் குழந்தைகள் பிடுங்கவில்லை, விரல் நீட்டிக் காட்டின. உங்கள் மகன் இப்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். படத்தில் உள்ள பந்தை நகத்தால் சுரண்டுகிறான் என்றால், பந்து உள்ளே இருக்கிறதா இல்லையா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். இதைப் பாடம் நடத்திப் புரியவைக்க முடியாது, அவனே சுரண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது கிழிப்பது. மெல்லிய தாளை ஒவ்வொன்றாகப் புரட்டுவது நமக்குத்தான் சுலபம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட குழந்தை வளர்ச்சிப் பட்டியலில், வாசிக்கும்போது பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவது 30 மாதத்தில்தான் வருகிறது. அவனுக்குப் புரட்ட ஆசை இருக்கிறது, விரல் இன்னும் தயாராகவில்லை, நடுவில் தாள் கிழிகிறது. இதைக் குறும்பு என்று திட்டினால் அவன் புத்தகத்தைப் பார்த்தாலே உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுவான். கெட்டி அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ கொடுங்கள். எச்சில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். கிழிந்தால், ‘அடடா, கிழிஞ்சுடுச்சு, வா ஒட்டலாம்’ என்று அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். கிழிக்கும் ஆசை தீரவே இல்லையா? ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்டுப் பழைய பத்திரிகை ஒன்றைக் கொடுத்துப் பக்கத்திலேயே இருங்கள். விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த இதழையே கொடுக்கலாம், ஆனால் என் பக்கத்தை வாசித்த பிறகு.

ஓடுவதற்கு வருவோம். நான் சொன்ன அதே பட்டியலில் 18 மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது ‘உங்களோடு சேர்ந்து புத்தகத்தின் சில பக்கங்களைப் பார்ப்பது’, அவ்வளவுதான். முழுப் புத்தகம் என்று எங்கேயும் இல்லை. உங்கள் மகனுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, ஏற்கெனவே இரண்டு பக்கம் பார்க்கிறான். நல்ல கணக்குதானே இது!

அவன் எழுந்து போனால் இழுத்து உட்காரவைக்காதீர்கள். நீங்கள் பாட்டுக்கு இன்னும் இரண்டு வரி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருங்கள். பல குழந்தைகள் அறையைச் சுற்றிக்கொண்டே காதைக் கொடுப்பார்கள், பிடித்த சத்தம் வந்தால் ஓடிவருவார்கள். தலைகீழாகப் பிடித்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் திருத்த வேண்டாம். அச்சில் உள்ள வரியை வாசிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவன் விரல் எங்கே இருக்கிறதோ அதற்குப் பெயர் சொல்லுங்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனுக்கு, பெரிய பண்ணைப் படம் ஒன்றில் மாடு, குதிரை, டிராக்டர் எதுவுமே கண்ணில் படவில்லை. மூலையில் ஓர் எறும்பு வரைந்திருந்தார்கள், அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா அவசரமாக, ‘மாடு பார், மாடு எப்படிக் கத்தும்?’ என்று அவன் முகத்தைத் திருப்பினார். அவன் மறுபடி எறும்புக்கே போனான். நானும் குனிந்து, ‘எறும்பு. குட்டி எறும்பு. எங்கே போகுது?’ என்றேன். அப்புறம் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் பக்கத்தின் ஓரத்தைக் காட்டி, ‘போ’ என்றான். எறும்பு அங்கே போகிறதாம். அன்றைக்கு அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறு எதையும் நாங்கள் திறக்கவில்லை. மாடு இன்னொரு நாள் கத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

என் மகளுக்கு இரண்டரை வயது. தினமும் ராத்திரி ஒரே கதை. ஒரு வரியைத் தாண்டினால் அழுகை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா? – களைத்துப்போன ஓர் அம்மா

ஒருநாள் இரண்டுநாள் அது ‘தொலைந்து’ போகலாம். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் நிரந்தரமாகத் தொலைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் உள்ள சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. 3 வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்களை இரண்டு பிரிவும் ஒரே அளவுதான் கேட்டன. ஆனால் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டது ஒரே கதைகளைக் கேட்ட பிரிவு. காரணம் யோசித்தால் தெரியும். முதல் தடவை குழந்தைக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். அடுத்த தடவை என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். அதெல்லாம் பழகிய பிறகுதான் ‘இந்தச் சொல் என்ன?’ என்று கவனிக்க அவளுக்கு இடம் கிடைக்கிறது. உங்களுக்கு அலுத்துப்போகும் கட்டத்தில்தான் அவள் வேலை தொடங்குகிறது என்பது என்னவோ அநியாயம்தான்.

உங்கள் அலுப்புக்கு வழி சொல்கிறேன். எல்லா வரியையும் நீங்களே சொல்லாதீர்கள். ‘கதவைத் திறந்தால் உள்ளே ஒரு...’ என்று நிறுத்துங்கள். ‘பூனை!’ என்று அவள் முடிப்பாள். அடுத்த வாரம் பாதி வரியை அவளிடம் விடுங்கள். இன்னும் கொஞ்சம் பழகியதும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், ‘கதவைத் திறந்தால் உள்ளே ஒரு யானை’ என்று. இப்போது அழுபவள், தப்பு விளையாட்டுக்குத்தான் என்று புரிந்ததும் சிரித்துக்கொண்டே உங்களைத் திருத்துவாள். கடைசியில் ஒருநாள் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, ‘இன்னைக்கு நீ சொல்லு, நான் கேட்கிறேன்’ என்று படுத்துக்கொள்ளுங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, கதையை வரிசையாகச் சொல்லப் பழக்குவது. கணவரிடம் அப்படித்தான் சொல்லுங்கள்.

அம்மா, எனக்கு 68 வயது. பேத்தி பகலெல்லாம் என்னிடம்தான் இருக்கிறாள், இரண்டு வயது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தப்பாக வாசித்தால் குழந்தைக்கும் தப்பாக வந்துவிடும் என்று மருமகள் பயப்படுகிறாள். நான் புத்தகத்தைத் தொடாமல் இருப்பதுதான் நல்லதா? – ஒரு பாட்டி

தயவுசெய்து தொடுங்கள். உங்கள் மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் படப் புத்தகத்தில் வேண்டியது படமும், பக்கத்தில் அவளை நன்றாகத் தெரிந்த ஒருவரும்தான். நீங்கள் வரியை அப்படியே வாசிக்க முடியாமல் நிறுத்தி, படத்தைப் பார்த்துப் பேசினால், நான் பெற்றோர்களுக்குப் படாதபாடு பட்டுச் சொல்லிக்கொடுப்பதை நீங்கள் தானாகச் செய்கிறீர்கள். க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 1988இல் இதை ஆராய்ந்து வெளியிட்டது. ஏறக்குறைய இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள். பெற்றோரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள், இரு பிரிவினரும் வீட்டில் வாசித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், வாசித்துக்கொண்டே போகாமல் இடையிடையே கேள்வி கேட்கவும், குழந்தை சொல்வதை எடுத்து நீட்டிச் சொல்லவும் பழக்கினார்கள். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். உரையாடல் வாசிப்பு என்று இப்போது பெரிய பெயர் வைத்திருக்கிறோம்.

எப்படி என்றால் இப்படி. பேத்தி படத்தைக் காட்டி ‘நாய்’ என்கிறாள். ‘ஆமா, நாய். நாய் நனைஞ்சு போச்சு’ என்று அவள் சொல்லோடு ஒன்றிரண்டு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஐந்து எண்ணுவது யுகம் மாதிரி இருக்கும், குழந்தைக்கு வாயைத் திறக்கவே அவ்வளவு நேரம் வேண்டும். ‘நாய் நஞ்சு’ என்று அவள் சொல்லலாம். ‘ஐயையோ, நனைஞ்சே போச்சா? மழை வந்துச்சா?’ என்று நீங்கள் கேட்கலாம். ‘நஞ்சு இல்லை, நனைஞ்சு, சரியாச் சொல்லு’ என்று நிறுத்திப் பாடம் எடுக்க வேண்டாம். சரியான உச்சரிப்பை உங்கள் பதிலிலேயே அவள் கேட்டுவிட்டாள்.

ஒன்றே ஒன்று. ‘இது என்ன? இது என்ன கலர்? இது எத்தனை?’ என்று அடுக்கிக்கொண்டே போகக் கூடாது. போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஒரு கேள்வி கேட்டால் அடுத்து இரண்டு மூன்று தடவை நீங்களே ஏதாவது சொல்லுங்கள். எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்களும் உண்டு, மருமகளிடம் தேடி வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் யார் சொல்வதும் தப்பாகாது.

நான் நாள் முழுக்க அவனோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்? புத்தகம் வேறு எதற்கு? – வீட்டிலிருக்கும் ஓர் அம்மா

பேசுவது பெரிய விஷயம், அதை விடவே விடாதீர்கள். ஆனால் நேற்று என்னென்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘வா, உட்காரு, அதைத் தொடாதே, இன்னும் ஒரு வாய், தூங்கலாமா’ – இவைதானே திரும்பத் திரும்ப வந்திருக்கும்? வீட்டில் ஒட்டகம் இல்லை, குகை இல்லை, யாரும் ‘பதுங்கி’ப் போவதில்லை. 2015இல் ஜெசிகா மொன்டாக் குழுவினர் 100 படப் புத்தகங்களின் வரிகளையும், பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசும் பேச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே அளவு சொற்களை எடுத்துக்கொண்டால், வெவ்வேறு சொற்கள் அதிகம் இருந்தது படப் புத்தகத்தில். நாமே தினமும் உபயோகிக்காத சொற்களைப் புத்தகம் நம் வாயில் வரவைக்கிறது. அதற்குத்தான்.

டேப்லெட்டில் கதை ஆப் ஒன்று வாங்கியிருக்கிறோம். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது, படம் அசைகிறது, 20 மாத மகள் அசையாமல் பார்க்கிறாள். எங்களைவிட அதுவே நன்றாக வாசிக்கிறது. அதையே பழக்கலாமா? – ஓர் இளம் தம்பதி

அசையாமல் பார்க்கிறாள் என்று நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. 20 மாதக் குழந்தை கதையில் இருந்தால் அசைய வேண்டும், கையைக் காட்ட வேண்டும், உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பட்ரீசியா கூல் என்ற அறிவியலாளரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீனம் பேசும் ஆட்கள் நேரில் உட்கார்ந்து, 12 அமர்வுகளில் புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகளின் வித்தியாசம் பிடிபட்டது. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். அவர்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. உச்சரிப்பு இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம், எதிரில் இருப்பவர் குழந்தையைப் பார்க்கிறாரா என்பதில் இருந்தது. உங்கள் ஆப்புக்கு மகளின் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவள் நிலாவைக் காட்டும்போது அது முயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

பெற்றோர் கூடவே உட்கார்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். 2019இல் டிஃப்பனி மன்சர் குழுவினர் அதையும் பார்த்தார்கள். அதே பெற்றோர், அதே குழந்தைகள், அச்சுப் புத்தகமும் டேப்லெட் புத்தகமும். டேப்லெட் வந்தபோது கதையைப் பற்றிய பேச்சு குறைந்தது, ‘அதை அமுக்காதே, இரு, நான் செய்கிறேன்’ என்ற வகைப் பேச்சு கூடியது. வீட்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: ஒரு வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம், 2 வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது. அதே குறிப்பில், குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் கதை சொல்வதும் வாசிப்பதும் நல்லது என்றும் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் தாத்தாவோ அத்தையோ வீடியோ காலில் கதை சொல்வது வேறு கணக்கு. அங்கே இவள் சிரித்தால் அவர் சிரிக்கிறார், இவள் கேட்டால் பதில் வருகிறது. அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் யாராவது மடியில் வைத்துக்கொண்டு ‘தாத்தா எதைக் காட்டுறார் பார்’ என்று சொன்னால் இன்னும் நல்லது. உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எப்படிப்பட்ட புத்தகம் வாங்குவது? அழுத்தினால் பாடுவது, இழுத்தால் நீள்வது எல்லாம் நல்லதா? – ஒரு சித்தி

ஒன்றரை வயது வரை, பக்கத்துக்கு ஒன்றிரண்டு பெரிய படம், நிஜப் பொருள் மாதிரியே இருக்கும் படம். புகைப்படமாக இருந்தால் இன்னும் நல்லது. படத்தில் பார்த்ததை நிஜத்தில் அடையாளம் காண அந்த வயதில் அதுதான் சுலபம். மூடியைத் திறந்தால் உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கும் புத்தகங்கள் குழந்தையைப் பிடித்து உட்காரவைக்க உதவும், ஓடும் குழந்தைகளுக்கு நானே கொடுக்கிறேன். ஆனால் இழுப்பதும் திறப்பதும் அளவு மீறினால் குழந்தைக்கு அந்தத் தாழ்ப்பாளே கதையாகிவிடும். பாடும் பொத்தான் வைத்த புத்தகம் எனக்குப் பிடிக்காது. அது பாட ஆரம்பித்தால் நாம் வாயை மூட வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை இரண்டரை வயதில் எல்லா எழுத்தையும் சொல்கிறது. என் மகன் புத்தகத்தில் எழுத்துப் பக்கமே பார்ப்பதில்லை. – கவலையில் இருக்கும் அப்பா

பார்க்க மாட்டான். மேரி ஆன் எவன்ஸ், ஜான் செயின்ட்-ஓபின் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வாசித்துக் காட்டும்போது பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட முழு நேரமும் படத்தில்தான். உங்கள் மகனைவிடப் பெரிய குழந்தைகள் அவர்கள்.

எழுத்தைச் சொல்வது ஒரு திறமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பின்னால் வாசிக்கும்போது, எழுத்தைக் கூட்டி ‘பதுங்கியது’ என்று சொல்லிவிட்டுப் பொருள் தெரியாமல் விழித்தால் என்ன பயன்? நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளர், 5 வயதில் வாசிக்கக் கற்ற குழந்தைகளையும் 7 வயதில் கற்றவர்களையும் ஒப்பிட்டார். 11 வயது வாக்கில் வாசிப்பு வேகத்தில் இரு பக்கமும் ஒன்றாகிவிட்டார்கள். இப்போது அவனுக்குச் சொல் சேரட்டும். அவன் பெயரின் முதல் எழுத்தை எங்காவது பார்த்தால் காட்டுங்கள், போதும்.

வீட்டில் இரண்டு மொழி. குழந்தை குழம்பிவிடுமா, பேச்சு தாமதமாகுமா? – ஒரு வாசகி

ஆகாது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசினாலும் அது குழப்பம் இல்லை, கையில் இருக்கும் சொல்லை எடுத்துப் பேசுகிறது. சொற்களை எண்ணிப் பார்ப்பதானால் இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். உங்களுக்கு எந்த மொழியில் சிரிக்கவும் கோபப்படவும் தடையில்லாமல் வருகிறதோ அதில் கதை சொல்லுங்கள்.

மகனுக்கு 26 மாதம். ‘அம்மா’, ‘தா’, ‘இல்ல’ தவிர வேறு பேச்சில்லை. புத்தகம் நிறையக் காட்டுகிறேன். ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும், பொறு என்கிறார்கள் எல்லோரும். பொறுக்கலாமா? – ஓர் அம்மா

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஆசிரியரிடம் சொல்லி உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பச் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பொறுக்க வேண்டாம்.

பெண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் முன்னால் பேசுவது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது, 26 மாதத்தில் மூன்றே சொல் என்பதற்கு அது பதிலாகாது. நான் முன்னால் சொன்ன பட்டியலில் இரண்டு வயதுக்குக் குறைந்தது இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதும், 30 மாதத்துக்கு ஏறக்குறைய 50 சொற்களும் இருக்கின்றன. அந்தப் பட்டியல் சராசரிக் குழந்தையைப் பற்றியது இல்லை. 100 குழந்தைகளில் குறைந்தது 75 பேர் அந்த வயதில் செய்வதைத்தான் அதில் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று வரவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள் என்பதற்காகவே அப்படித் தொகுத்தது. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் நிறையப் பேர் தானாகவே எட்டிப்பிடிப்பார்கள். யார் எட்டிப்பிடிப்பார்கள் என்று 26 மாதத்தில் என்னால் சொல்ல முடியாது, உங்கள் உறவினர்களாலும் முடியாது.

முதல் வேலை காது. கதவு சாத்தினால் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது என்பார்கள். கதவுச் சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் விட்டுப்போகும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் வலிகூட இல்லாமல் கேட்கும் திறன் மங்கும், ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்காது. பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் இப்போது மறுபடி செய்ய வேண்டும். கூடவே, பேச்சு-மொழிப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

போவதற்கு முன் சில விஷயங்களைக் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள். பெயர் சொன்னால் திரும்புகிறானா? சைகை இல்லாமல் ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்றால் புரிகிறதா? வேண்டும் என்பதற்காக இல்லாமல், ‘அங்கே பாரேன்’ என்று உங்களுக்குக் காட்டுவதற்காகவே விரல் நீட்டுகிறானா? இவையெல்லாம் இருந்தால் நம்பிக்கையான விஷயம், இருந்தாலும் போக வேண்டும். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தால், எந்த வயதானாலும், ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது.

அதுவரை புத்தகத்தை நிறுத்த வேண்டாம், முறையைக் கொஞ்சம் மாற்றுங்கள். ‘சொல்லு, சொல்லு, பூனை சொல்லு’ என்பதை விட்டுவிடுங்கள். கேட்கக் கேட்க இவர்கள் வாய் இறுகும். சுலபமான சத்தங்கள் வரும் பக்கமாகப் பாருங்கள். பந்து விழுந்தால் ‘டொப்’, வண்டி வந்தால் ‘பீப் பீப்’, பூனைக்கு ‘மியாவ்’. நீங்கள் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஒவ்வொரு தடவையும் பூனைக்கு ‘மியா’ என்றே அவன் சொன்னால் அது ஒரு சொல். நான் எண்ணும்போது அதையும் சேர்த்துத்தான் எண்ணுவேன், நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதக் குழந்தைக்கு வாசித்தால் வீட்டில் சிரிக்கிறார்கள். – புது அப்பா

சிரிக்கட்டும். 1986இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இருவர், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தினமும் ஒரே கதையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கர்ப்பிணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். பிறந்த குழந்தைகள் புதுக் கதையைவிட அந்தக் கதையையே கேட்க விரும்பின. வாயில் கொடுத்த ரப்பர் காம்பை எப்படிச் சூப்பின என்பதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். உங்கள் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, தாமதம் என்றுகூடச் சொல்லலாம்! முகத்தையும் படத்தையும் ஒரு முழ தூரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையாகப் பளிச்சென்ற படம் நல்லது. நீங்கள் செய்தித்தாள் வாசித்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

வேலை முடிந்து வர எட்டு மணி. குழந்தைக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம். வாசிப்புக்கு எங்கே போவது நேரத்துக்கு? – இன்னோர் அம்மா

ராத்திரியில்தான் வாசிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. காலையில் கழிவறையில் உட்காரவைத்திருக்கும் ஐந்து நிமிஷம், மருத்துவரிடம் காத்திருக்கும் நேரம், தலை துவட்டும் நேரம், எதுவும் சரி. குளியலறையில், காலணி வைக்கும் இடத்தில், உங்கள் கைப்பையில் என்று இடத்துக்கொரு புத்தகம் போட்டு வையுங்கள். உயரமான அலமாரியில் அடுக்கி வைத்த புத்தகத்தைக் குழந்தை கேட்கவே கேட்காது. அவள் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டைப்படம் தெரியும்படி மூன்று நான்கு போதும், மற்றவற்றை உள்ளே வைத்துவிட்டு அவ்வப்போது மாற்றுங்கள். நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டு, புத்தகத்தோடு வந்து உங்கள் மடியில் உட்காருவாள். உங்களால் முடியாத நாளில் அப்பா இருக்கிறாரே, அவர் எதற்கு?

திக்கிப் பேசும் குழந்தைகளைப் பற்றி மூன்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதை நான்கு வரியில் சொல்ல முடியாது, அடுத்த இதழில் முழுப் பக்கமும் அதற்கே. அதுவரை குழந்தை திக்கும்போது ‘மெதுவாச் சொல்லு’ என்று சொல்லாமல், சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருங்கள்.